ஷார்ஜாவில் பழைய யாட் வாங்கி தூத்துக்குடியில் இறக்க முடியுமா?

பாளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊர் பாளையங்கோட்டை. மச்சான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறான், அங்கே ஒருவர் தன்னுடைய பழைய மோட்டார் யாட்டை (உல்லாசப் படகை) விற்கப் போட்டிருக்கிறாராம். 36 அடி, 2008 மாடல், 300 குதிரைத்திறனில் இரண்டு டீசல் எஞ்சின், கீழே இரண்டு கேபின், மேலே நின்று ஓட்டுகிற மாதிரி ஒரு தட்டு. படத்தில் புதுசு மாதிரி பளபளவென்று இருக்கிறது. விலையும் இங்கே ஒரு பெரிய எஸ்யூவி வாங்குகிற காசுதான். நானும் கூட்டாளிகளும் காசு போட்டு வாங்கி, தூத்துக்குடியில் நிறுத்திக்கொண்டு சொந்தத்துக்கு ஓட்டலாம், சீசனில் மணப்பாடு பக்கம் ஆள் ஏற்றி அதில் செலவை எடுக்கலாம் என்று நினைக்கிறோம். கப்பலில் ஏற்றி அனுப்ப என்ன ஆகும், வரி எவ்வளவு, வேறு என்ன பார்க்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லை நையாண்டி:
1906-ல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி ஆரம்பித்து காலியா, லாவோ என்று இரண்டு கப்பலை வெளியிலிருந்து வாங்கித் தூத்துக்குடியில் விட்டார். அதற்கப்புறம் நீர்தான் கிளம்பியிருக்கீர். நடத்தும்வே!

ஹார்பர் ரோடு:
அண்ணாச்சி, சுங்கத்தில் சரக்கை விடுவிக்கிற கிளியரிங் வேலையில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், விற்பவர் சொல்லும் விலையை முதலில் மறந்துவிடுங்கள். படகு விலை, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டித்தான் இங்கே வரி போடுவார்கள். அது 1 கோடி என்று வையுங்கள். உல்லாசப் படகுக்குச் சுங்கத் தரப்பில் எல்லாம் சேர்ந்து 27.5 சதவீதம், ஆக 1 கோடியே 27.5 லட்சம். அந்தத் தொகை மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடுகிற ஜிஎஸ்டி), அது 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம், அதாவது இன்னும் 51 லட்சம். மொத்தம் 1 கோடியே 78.5 லட்சத்துக்குத்தான் படகு கரையேறும். விலையைக் குறைத்து பில் போட்டு வாங்கலாம் என்று மச்சான் யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பழைய சாமான் என்றாலே சார்ட்டர்டு எஞ்சினியரை வைத்து மதிப்புப் போடச் சொல்வார்கள்.

வரிக்கு முன்னாலேயே இன்னொரு பூட்டு இருக்கிறது. தொழிலுக்கான மூலதனப் பொருள் தவிர மற்ற பழைய பொருட்கள் எல்லாம் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வரும், டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி இல்லாமல் கொண்டுவர முடியாது. அனுமதி இல்லாமல் வந்து இறங்கினால் பறிமுதல். மீட்க வேண்டுமானால் அபராதம், அதோடு நாள்கணக்கில் துறைமுக வாடகை வேறு. ஆகவே அனுமதி கைக்கு வருகிற வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

தூக்கி இறக்குவதைப் பற்றிக் கவலையே வேண்டாம். காற்றாலை இறகைக் கையாளுகிற துறைமுகத்துக்கு 36 அடி படகு ஒரு பொருட்டா? ஆனால் இது கன்டெய்னருக்குள் போகாது. கன்டெய்னரின் உள் அகலம் 2.35 மீட்டர்தான், இந்த அளவுப் படகு மூன்றரை மீட்டருக்குக் குறையாது. பக்கச் சுவரும் கூரையும் இல்லாத பிளாட் ராக்கில் வைத்தால் இரண்டு பக்கமும் பிதுங்கும், பிதுங்குகிற இடத்துக்கும் சேர்த்துக் கூலி கேட்பார்கள். இரும்பில் தொட்டில் அடித்து கப்பலின் மேல்தட்டில் ஏற்றுவதுதான் வழக்கம். படகின் ரேடார் கம்பம், மேல்தட்டுக் கண்ணாடி எல்லாம் கழற்றி உள்ளே வைத்து, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, டீசலைக் கொஞ்சமாக வைத்து அனுப்ப வேண்டும்.

உவரியான்:
வளைகுடாவில் படகு எஞ்சின் வேலை பார்த்தவன் நான். படத்தைப் பார்த்துப் படகு வாங்குவது பெண்ணைப் பார்க்காமல் போட்டோவை வைத்து நிச்சயம் பண்ணுகிற மாதிரி. அந்தப் பக்கத்துத் தண்ணீர் சூடும் அதிகம், உப்பும் அதிகம், எஞ்சினைக் குளிரவைக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எக்ஸாஸ்ட் எல்போவை, அதாவது புகை வெளியேறுகிற வளைவுக் குழாயைக் கழற்றச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சூடான புகையும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம் அது, வெளியே வெள்ளைப் பெயிண்ட் மினுங்கும், உள்ளே துரு பொருக்கு பொருக்காக உதிரும், அது பொத்துக்கொண்டால் தண்ணீர் பின்வழியே எஞ்சினுக்குள் இறங்கிவிடும், அதோடு எஞ்சின் கதை முடிந்தது. கழற்ற விடமாட்டேன் என்று சொல்கிற ஆளிடம் வாங்க வேண்டாம்.

அப்புறம் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல ஃபைபர் 'டக்'கென்று கேட்கும், ஊறின இடம் 'பொத்'தென்று கேட்கும். சின்னச் சின்னக் கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார்க்கலாம், உள்ளேயிருந்து வருகிற தண்ணீர் வினிகர் மாதிரி புளிப்பாக வாடை அடித்தால் ஃபைபருக்குள் தண்ணீர் ஏறிவிட்டது என்று அர்த்தம். இதெல்லாம் மச்சான் செய்கிற வேலை இல்லை, விற்பவருக்கும் புரோக்கருக்கும் சம்பந்தமில்லாத, படகைச் சோதிக்கிற சர்வேயரை நீங்களே காசு கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடலில் ஓட்டிப் பார்ப்பது, எஞ்சின் ஆயிலை லேபுக்கு அனுப்புவது இரண்டும் அதில் இருக்கட்டும்.

டீசல் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.2 லிட்டர். உங்கள் இரண்டு எஞ்சினுக்கும் 120 லிட்டர் வரும், லிட்டர் 90 ரூபாய் என்று போட்டால்கூட மணிக்குப் பத்தாயிரத்தைத் தாண்டும்.

பாளைக்காரன்:
தலை சுற்றுகிறது அண்ணாச்சி. இரண்டு சந்தேகம். ஆள் ஏற்றுகிற படகு என்று காட்டினால் வரி குறையும் என்று ஒருத்தர் சொல்கிறார், நிஜமா? கப்பல் கூலியே வேண்டாம், அங்கேயிருந்து ஓட்டிக்கொண்டே வந்தால் என்ன?

ஹார்பர் ரோடு:
பயணிகள் படகு 8901 என்கிற சுங்கத் தலைப்பில் வரும், அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், ஆசை வரத்தான் செய்யும். ஆனால் கேபின், மெத்தை, வெயில் காய்கிற தட்டு என்று கட்டியிருக்கிற படகை அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், உல்லாசப் படகுக்கான 8903 என்றுதான் எழுதுவார். அப்புறம் கேஸ் நடத்த வேண்டியதுதான். உண்மையாகவே பயணிகளை ஏற்றுகிற தொழில் என்றால் கட்டின ஜிஎஸ்டியை இன்புட் கிரெடிட்டாக எடுக்க, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதை உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள். சொந்த உல்லாசத்துக்கு அது கிடைக்காது.

உவரியான்:
ஓட்டிக்கொண்டு வருவதா! கொச்சிக்கே ஏறக்குறைய 1,500 கடல் மைல், இந்த மாதிரிப் படகு டேங்க் நிறைய அடித்தாலும் வேகமாக ஓடினால் 250 மைல் தாண்டுவது கஷ்டம். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதங்களில் அரபிக்கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். ஓட்டி வந்தாலும் வரி அதே வரிதான்.

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். எங்கே கட்டிப்போடுவீர்கள்? தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுக்கே இடம் இல்லை, ஃபைபர் படகு நடுவில் மாட்டினால் இரண்டே நாளில் பக்கவாட்டு நசுங்கிவிடும். மணப்பாட்டில் கழிமுக மணல் திட்டு வருஷா வருஷம் இடம் மாறுகிறது. பக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோ ஏவுதளம் வேறு வருகிறது, கெடுபிடி கூடத்தான் செய்யும். வடக்கே போனால் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, அந்த 21 தீவிலும் ஆளைக் கொண்டுபோய் இறக்க முடியாது. படகு நிறுத்துகிற முறையான மரீனா வேண்டுமானால் கொச்சி போல்காட்டிக்குத்தான் போக வேண்டும்.

என் யோசனை, கொச்சியிலோ கோவாவிலோ ஏற்கெனவே வரி கட்டி, இந்தியாவில் பதிவான பழைய படகு விற்பனைக்கு வருகிறதா என்று பாருங்கள். விலை அதிகம் மாதிரித் தெரியும், ஆனால் மேலே சொன்ன கணக்கைக் கூட்டிப் பார்த்தால் அது மலிவு. இல்லை, ஷார்ஜா படகுதான் வேண்டும் என்றால் எல்போ உள்பக்கப் படமும், எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்கிற மீட்டர் படமும், பதிவுச் சான்றில் கடன் பாக்கி குறிப்பு இருக்கிற பக்கமும் வாங்கி இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

பாளைக்காரன்:
மச்சானுக்கு இப்போதே மெசேஜ் போட்டுவிட்டேன் அண்ணாச்சி. கொச்சியில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.