பொலிரோவுல ஒழுங்கா வந்த டிரெய்லர் புது பிக்கப்ல வாலாட்டுது, உதவி பண்ணுங்க

கானாடுகாத்தான் 1100
வணக்கம் எல்லாருக்கும். எங்க ஐயா 1966ல வாங்கின பியட் 1100 டி ஒண்ணு வீட்டுல நிக்குது, அஞ்சாறு வருஷமா அதைக் கொஞ்சம் கொஞ்சமா தேத்திட்டு வர்றேன். வேலைக்கு மதுரைக்குக் கொண்டுபோறதும் திரும்பக் கொண்டுவர்றதும் எல்லாம் டிரெய்லர்லதான். ஒத்த ஆக்ஸில் டிரெய்லர், வெறும் எடை 450 கிலோ. இதுவரைக்கும் இழுத்தது பழைய பொலிரோ, அது வயசாகிப்போச்சுன்னு குடுத்துட்டு ரெண்டு மாசம் முன்னாடி டபுள் கேப் பிக்கப் ஒண்ணு எடுத்தேன், டீசல், ஃபோர் வீல் டிரைவ். எந்தக் கம்பெனின்னு சொல்லல, சொன்னா கேள்விய விட்டுட்டு கம்பெனிச் சண்டை ஆரம்பிச்சிடும்.

போன வாரம் மதுரைலருந்து கார ஏத்திட்டு வந்தேன். மேலூர் வரைக்கும் டிராபிக், ஒண்ணும் தெரியல. மேலூர் தாண்டி திருப்பத்தூர் ரோட்ல 65 தொட்டதும் பின்னாடி யாரோ புடிச்சு ஆட்டுற மாதிரி இருந்துச்சு, கண்ணாடில பாத்தா டிரெய்லர் இடதும் வலதுமா வால ஆட்டுது. ஒரு பஸ் ஓவர்டேக் பண்ணுச்சு பாருங்க, அந்தக் காத்துல பிக்கப்போட பின்பக்கத்தையே இழுத்துடுச்சு, உசுரு போயிட்டு வந்துச்சு. அப்புறம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி எல்லாம் 45லயே உருட்டிக்கிட்டு வீடு வந்து சேந்தேன். இதே டிரெய்லர் இதே கார் பொலிரோவுல 70ல கல்லு மாதிரி வரும். இன்னும் ரெண்டு தொல்லை. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போது டிரெய்லரோட பின் ராம்ப் தரையில உரசுது. அப்புறம் பார்க் லைட் போட்டுட்டு இண்டிகேட்டர் போட்டா டிரெய்லர்ல எல்லா லைட்டும் மங்கலா சேந்து சிமிட்டுது, சாமி ஊர்வல சீரியல் செட்டு மாதிரி.

அடுத்த வாரம் பாடிய பெயிண்டுக்கு திருச்சி கொண்டுபோகணும். பிக்கப்ப வித்துட்டு இன்னொரு பொலிரோவே வாங்கிடலாமான்னு வீட்டுல கேக்குறாங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது.

பள்ளத்தூர் மாப்ள
பிக்கப்ல பின்பக்க லீஃப் ஸ்பிரிங் சும்மா போகும்போது கட்டையா இருக்கும், குதிக்கும். டயர் காத்து கம்மி பண்ணிப் பாருங்க.

கோவை டிராக்
மேல சொன்னத தயவுசெஞ்சு செய்யாதீங்க. இழுக்கும்போது பின் டயர்ல காத்து குறைச்சா டயர் பக்கவாட்டுல நெளிஞ்சு ஆட்டம் கூடத்தான் செய்யும். கதவுத் தூண்ல ஒட்டியிருக்குற ஸ்டிக்கர்ல லோடுக்குன்னு தனியா அளவு போட்டிருப்பான், அத வைங்க.

என் சந்தேகம் ஹிட்ச் (வண்டி பின்னாடி டிரெய்லர மாட்டுற இடம்) உயரம். பிக்கப்ல பால் (டிரெய்லர் மூக்கு உக்கார்ற இரும்புக் குண்டு) பொலிரோவவிட மேல இருக்கும், டிரெய்லர் மூக்கத் தூக்கிட்டு நிக்கும். ராம்ப் உரசுறதுக்கு அதுதான் காரணம்னு அடிச்சு சொல்லுவேன். மட்டமான தரையில நிறுத்தி பக்கவாட்டுல ஒரு போட்டோ போடுங்க. பால் சைஸும் பாத்துடுங்க, 50 மில்லிமீட்டர் கப்ளர்ல (பால் மேல கவுந்து பூட்டுற கிண்ணம்) 1 7/8 இன்ச் பால் போட்டா (47.6 மில்லிதான் வரும்) பூட்டின மாதிரியே தெரியும், ஒரு குழில குதிச்சா கழண்டுக்கும்.

கானாடுகாத்தான் 1100
பால்ல 50ன்னு அடிச்சிருக்குண்ணே. தரையிலருந்து அளந்து பாத்தேன், பொலிரோவுல இருந்ததவிட அஞ்சு இன்ச் உயரம். மூக்கு தூக்கித்தான் நிக்குது. அப்போ பாலக் கீழ இறக்க டிராப் பிளேட் போட்டா ஆட்டம் நின்னுடுமா?

கோவை டிராக்
உரசுறது நிக்கும். ஆட்டம்? ஒத்த ஆக்ஸில்ல அஞ்சு இன்ச்சால பாரம் ரொம்ப ஒண்ணும் இடம் மாறாது. 65லயே வாலாட்டுதுன்னா வேற ஏதோ இருக்கு. இன்னொண்ணு யோசிங்க, உங்க பிக்கப் பொலிரோவவிட எடை அதிகம், வீல்பேஸும் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல உள்ள தூரம்) நீளம், பொலிரோ 2680 மில்லி, இந்த மாதிரி டபுள் கேப் எல்லாம் 3 மீட்டருக்கு மேல. பின் ஓவர்ஹேங் (பின் சக்கரத்துக்கு அப்பால நீட்டிக்கிட்டு இருக்குற பகுதி) கொஞ்சம் நீளம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா மொத்தத்துல பாத்தா இது இன்னும் நிலையாத்தான் இழுக்கணும்.

தேவகோட்டை வண்டிப்பேட்டை
தம்பி, எங்க அப்பா மாட்டுவண்டி வெச்சு மூட்டை அடிச்சவரு. நீ சொல்றதக் கேட்டா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தோணுது, பின்பாரம். வண்டில பாரம் பின்னாடி விழுந்தா நுகத்தடி மாட்டுக் கழுத்த விட்டுத் தூக்கும், மாடு எவ்வளவு நல்ல மாடா இருந்தாலும் வண்டி அங்கிட்டும் இங்கிட்டும் அலையும். முன்பாரம் ரொம்பப் போனா மாடு படுத்துடும். உன் டிரெய்லருக்கும் அதே கணக்குதான். மாட்ட மாத்தினேன்னு சொல்ற, மூட்டைய மாத்தி அடுக்கினியா அதச் சொல்லு.

கானாடுகாத்தான் 1100
மாத்தலண்ணே, அதே கார்தான். எப்பவும் போல முன்பக்கம் முன்னாடி பாத்து ஏத்தினது.

தேவகோட்டை வண்டிப்பேட்டை
அதே கார்தானா? நல்லா யோசி. மதுரைக்கு எதுக்குப் போச்சு?

கானாடுகாத்தான் 1100
இன்ஜின் வேலைக்குத்தான்ணே. சிலிண்டர் போர் பண்ணி ஹெட் வேலை பாத்து... ஐயோ. இன்ஜினும் கியர்பாக்ஸும் கார்ல இல்லண்ணே. தனியா பிக்கப் பெட்ல (பின்னாடி லோடு வைக்கிற தொட்டி) வெச்சுக் கட்டி எடுத்துட்டு வந்தேன். பொலிரோவா இருந்தா இன்ஜின மாட்டித்தான் கொண்டுவந்திருப்பேன், இப்பதான் பெட் இருக்கேன்னு...

பள்ளத்தூர் மாப்ள
😂😂😂 மெயின் மேட்டர இப்ப சொல்றாரு

தேவகோட்டை வண்டிப்பேட்டை
சிரிக்காதீங்கப்பா, எல்லாருக்கும் நடக்குறதுதான். தம்பி, கார் டிரெய்லர்ல பழைய இடத்துலயே நின்னுச்சா?

கானாடுகாத்தான் 1100
அதுவும் இல்லண்ணே, இப்பதான் உறைக்குது. இன்ஜின் இல்லாததால முன் ஸ்பிரிங் தூக்கிடுச்சு. எப்பவும் டிரெய்லர் முன்னாடி இருக்குற வின்ச் (கார இழுத்து ஏத்துற உருளை) ஸ்டாண்டு தகடுக்கு அடில பம்பர் நுழைஞ்சு போகும், இந்தத் தடவ தகட்டுலயே முட்டிச்சு. குரோம் கீறுமேன்னு ஒரு அடி பின்னாடியே நிறுத்தி சக்கரத்துக்குக் கட்ட குடுத்துட்டேன்.

கோவை டிராக்
கேஸ் முடிஞ்சது. கணக்குப் போடுவோம். ஆக்ஸில்லருந்து பால் வரை எவ்வளவு நீளம்?

கானாடுகாத்தான் 1100
டேப்புல 12 அடி.

கோவை டிராக்
சரி. கார் முழுசா இருந்தா சுமார் 900 கிலோ. இன்ஜின், கியர்பாக்ஸ் போக ஒரு 760னு வைங்க. 760 கிலோவ ஒரு அடி பின்னாடி நிறுத்தினா மூக்கு பாரத்துல (பால் மேல அமுங்குற எடை) 760 வகுத்தல் 12, அதாவது 63 கிலோ குறையும். இன்ஜின் உக்காந்திருந்த இடம் டிரெய்லர் ஆக்ஸிலுக்கு ஒரு நாலடி முன்னாடின்னா 140 பெருக்கல் 4 வகுத்தல் 12, அதுல ஒரு 47 போச்சு. ரெண்டும் சேந்து 110 கிலோ. நல்லா இருந்த காலத்துலயே உங்க மூக்கு பாரம் 130, 140தான் இருந்திருக்கும். இப்ப என்ன மிச்சம் இருக்கும்னு நீங்களே பாருங்க.

மொத்த எடைல 10லருந்து 15 சதவீதம் பால் மேல உக்காரணும். ஐரோப்பாக்காரங்க 5, 7ன்னு சொல்வாங்க, அவங்க டிரெய்லர் வேற, ரோடு வேற, நம்ம ஊருக்கு 10க்குக் கீழ நான் போகமாட்டேன். ஹிட்ச்ல எழுதியிருக்குற லிமிட்டத் தாண்டாம பாத்துக்கங்க. ஊகம் வேண்டாம், எடை போட்டுப் பாருங்க.

புதுவயல் அரவை
எடை போடணும்னா எங்க மில்லுக்கு வாங்க. ஆனா வண்டி ஏத்துற எடை மேடை இதுக்கு ஆகாது, அது 10 கிலோ படியாத்தான் காட்டும், மூக்கு பாரம் பாக்க அது பத்தாது. மூட்டை போடுற பிளாட்பார்ம் தராசு 300 கிலோ வரைக்கும் இருக்கு, அதுல பாப்போம். டிரெய்லர் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்ட குடுத்துட்டு, கழட்டி, பால் நிக்கிற அதே உயரத்துக்கு ஒரு மரக்கட்டைய தராசு மேல நிறுத்தி கப்ளர அதுல உக்கார வைக்கணும். காலைல 11 மணிக்குள்ள வந்தா லோடு இருக்காது.

கண்டனூர் எலக்ட்ரிக்
லைட் மேட்டர யாரும் தொடலயே. மங்கலா சேந்து சிமிட்டுனா 100க்கு 90 எர்த்து. பொலிரோவுல உங்களுக்கு எர்த்து ஹிட்ச் வழியா இரும்போட இரும்பு பட்டுப் போயிருக்கும். புது ஹிட்ச்ல பவுடர் கோட்டிங், பால்ல கிரீஸ், எங்கிட்டு கரண்ட் திரும்பும்? 7 பின் சாக்கெட்டத் திறந்து 3வது பின்னப் பாருங்க, வெள்ளை ஒயர், அது எர்த்து. அதுலருந்து தனி ஒயர் இழுத்து சேஸிஸ்ல பெயிண்டச் சொரண்டிட்டு போல்ட் போடுங்க. இன்னொரு விஷயம், புது வண்டில டெயில் லாம்ப் ஒயர நேரா வெட்டி டிரெய்லருக்குக் குடுத்திருந்தா எடுத்துடுங்க. உள்ள கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டு இருக்கும், அதிக கரண்ட் இழுத்தா கட் பண்ணிடும். ரிலே பாக்ஸ் போட்டு பேட்டரிலருந்து தனியா பியூஸோட எடுக்குறதுதான் முறை.

கானாடுகாத்தான் 1100
இன்னிக்குக் காலைல புதுவயல் போயிட்டு வந்தேன். தராசுல எவ்வளவு காட்டுச்சு தெரியுமா, 28 கிலோ! மில்லுல மூட்டை தூக்குற அண்ணன் ஒருத்தர் ஒத்தக் கையால டிரெய்லர் மூக்கத் தூக்கிக் காமிச்சாரு, எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, இதத்தான் நான் ஹைவேல 65ல இழுத்துட்டு வந்திருக்கேன்.

அங்கயே முன் பம்பரக் கழட்டி பெட்ல போட்டுட்டு கார ஒரு அடி முன்னாடி தள்ளினோம், 90. ஸ்டெப்னியும் டூல் பெட்டியும் டிரெய்லர்ல பின்னாடி கெடந்துச்சு, அத மூக்குப் பக்கம் கொண்டாந்து கட்டினோம், 118. மொத்தம் 1,210 கிலோ, பத்து சதவீதத்துக்கு மூணு கிலோதான் கம்மி. டிராப் பிளேட்டுக்கு காரைக்குடில சொல்லியிருக்கேன். எர்த்து போட்டாச்சு, லைட்டு பளிச்னு இருக்கு. தராசுக்குக் காசு வாங்கமாட்டேன்னுட்டாரு புதுவயல் அண்ணன், டீ குடுத்து அனுப்பினாரு.

கோவை டிராக்
அருமை. டிராப் பிளேட் போட்டதும் திரும்ப ஒரு தடவ எடை போடுங்க. இன்னொண்ணு, மறுபடி எப்பவாச்சும் ஆட்டம் வந்தா பிரேக்க ஓங்கி மிதிக்காதீங்க, ஆக்ஸிலரேட்டரும் ஏத்தாதீங்க. கால எடுத்துட்டு ஸ்டீரிங்க நேரா புடிங்க, தானா அடங்கும். எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டிச் சமாளிக்கப் பாத்தா ஜாஸ்திதான் ஆகும். டிரெய்லர்ல பிரேக் இருக்கா? இவ்வளவு எடைக்கு இருக்கணும்.

கானாடுகாத்தான் 1100
இருக்குண்ணே, கப்ளர் அமுங்கினா புடிக்கிற டைப். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி.யும் இருக்கு, கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன்.

பள்ளத்தூர் மாப்ள
அப்போ பொலிரோ?

கானாடுகாத்தான் 1100
வேணாம் மாப்ள. இதோட ஒரே குறை நீளம்தான். பின்வாசல் தெருவுல டிரெய்லரோட திருப்பி உள்ள விட பொலிரோவுல ரெண்டு தடவ முன்ன பின்ன எடுப்பேன், இதுல ஆறு தடவ, பக்கத்து வீட்டு ஆச்சி திண்ணைல உக்காந்து எண்ணிக்கிட்டே இருக்காங்க.

கானாடுகாத்தான் 1100
திருச்சி போயிட்டு வந்தாச்சு. திருமயம் வரைக்கும் 60, அதுக்கு மேல 70, கண்மாய்க்கரைல காத்து அடிச்சப்பகூட டிரெய்லர் அசையல. தேவகோட்டை அண்ணனுக்கு ஒரு கும்பிடு. ஆனா புதுக்கோட்டைல டீக்கு நிறுத்தி சும்மா சக்கரத்தத் தொட்டுப் பாத்தேன், வலது ஹப் (சக்கரத்தோட நடுக்குடம்) வெதுவெதுன்னு இருக்கு, இடதுல கை வைக்க முடியல. ஆற விட்டு ஆற விட்டு 40ல போனேன். பேரிங்கா இருக்குமா, பிரேக் புடிச்சுக்கிச்சா?

தேவகோட்டை வண்டிப்பேட்டை
ரெண்டுல எதுவா இருந்தாலும் ஹப்பக் கழட்டாம அடுத்த டிரிப் போகாத. கிரீஸ் வெச்சு எவ்வளவு நாளாச்சு?

கானாடுகாத்தான் 1100
...பொலிரோ இருந்தப்ப வெச்சதுண்ணே.

தேவகோட்டை வண்டிப்பேட்டை
பொலிரோ வாங்கினப்பவா, வித்தப்பவா?