புதுப்பிப்பு: சேமித்த படங்களை வைத்து ஹாலை மாற்றியது

இணையத்தில் சேமித்த வரவேற்பறைப் படங்களைக் காட்டி, எங்கள் ஹாலை இப்படி மாற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "படத்தை அப்படியே எடுக்காதீர்கள், அதில் எது பிடித்திருக்கிறது என்று எழுதுங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் ரொம்ப உதவியது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் சோபாவும் சுவர் நிறமும் ஒவ்வொன்றிலும் வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவானது, பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சமும் காலியாக விட்ட தரையும்தான். சரி என்று புது சோபா வாங்குவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஜன்னலைப் பாதி மறைத்து நின்ற அலமாரியை உள்சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். அறையே மாறிவிட்டது!

இந்தப் படங்களில் பலவும் வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தவை. அறை இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். அதனால் எதையும் வாங்கும் முன் அதன் அளவைத் தரையில் டேப் ஒட்டிப் பாருங்கள். நடக்க 75 முதல் 90 செ.மீ., சோபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவே 40 முதல் 45 செ.மீ. விட்டால் வசதி.

அப்புறம் நிறம். பெரிய அட்டையில் பெயின்ட் அடித்து, சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். பகலில் அழகான சாம்பல். இரவில் மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பின் கீழ் பழுப்பு. ஒரே பெயின்ட்தான். இரண்டு வெளிச்சத்திலும் பிடித்த வெளிர் பச்சையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

திரைச்சீலை மட்டும் பாக்கி.