23 அடி பைபர் படகுக்கு எந்த அளவு டிரிம் டேப் (படகின் பின்பலகையின் அடியில் பூட்டும், மேலும் கீழும் அசையும் தகடு) பொருந்தும்?

வணக்கம். திருகோணமலையிலிருந்து திமிங்கிலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிச் செல்லும் எங்கள் 23 அடி பைபர் படகு, ஆட்கள் நிறைந்ததும் அணியத்தை (முன்பக்கத்தை) உயரத் தூக்கிக்கொண்டு, நீர்மேல் எழும்ப வெகுநேரம் எடுக்கிறது. அதுவரை ஓட்டுபவருக்கு முன்னாலுள்ள கடலே தெரிவதில்லை. மே மாதம் பருவம் தொடங்கியதிலிருந்து இதே நிலைதான். வேகம் மணிக்கு 14 கடல் மைலுக்குக் கீழே இறங்கினால் பின்பக்கம் மீண்டும் அமிழ்ந்துவிடுகிறது; பக்கக் காற்றில் படகு காற்று வரும் பக்கமே சாய்ந்து, தெறிக்கும் நீர் முழுவதும் பயணிகள் மேல் விழுகிறது.

எஞ்சின் யமஹா 115 குதிரைவலு, நான்கு ஸ்ட்ரோக், ஒன்று மட்டுமே. அதை முழுவதும் உள்நோக்கிச் சரித்துப் பார்த்தோம். பெட்ரோல் தாங்கியையும் பேட்டரியையும் முன்னுக்கு நகர்த்தினோம். நான்கு இதழ் புரொப்பெல்லரும் மாட்டினோம். எஞ்சினில் பூட்டும் ஹைட்ரோபாயில் என்ற சிறகு போன்ற தகடு எழும்புவதற்குச் சற்று உதவியதே தவிர, சாய்வைத் திருத்தவில்லை. ஆகவே இடமும் வலமும் தனித்தனியே இயங்கும் மின்சார டேப்களே வழி என்று கருதுகிறேன்.

படகின் ஓர் அடி நீளத்துக்கு ஓர் அங்குல அகலம் என்ற பொதுக் கணக்கின்படி பக்கத்துக்கு 23 அங்குலம் வேண்டும். எங்கள் பின்பலகையிலோ, எஞ்சினுக்கு விட வேண்டிய இடத்தைக் கழித்தால், 19 அங்குலமே மிஞ்சுகிறது. அகலக் குறைவை ஈடுகட்ட 12 அங்குல நீளத் தகடு எடுக்கலாம்; ஆனால் கரை திரும்பும்போது பின்னாலிருந்து அலை தள்ளினால் அது அணியத்தை நீருக்குள் அழுத்திவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இத்தகைய படகை ஓட்டிய அனுபவம் உள்ளவர்களே, 18 அங்குல அகலத்துக்கு 9 அங்குல நீளத் தகடு போதுமா, 18க்கு 12 தான் வேண்டுமா?