பழைய ஆள், புது ஆள்: உங்கள் டீமில் நடந்ததைச் சொல்லுங்கள்

லாஸ்பேட்டைவாசி:

2013 டிசம்பர். புதுச்சேரியில் நான் இருந்த கம்பெனி ஒரு பிரெஞ்சு வாடிக்கையாளரின் பில்லிங் மென்பொருளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாரீஸில் எழுதி, பராமரிப்புக்கு இங்கே வந்தது. வேரியபிள் பெயர்கள், குறிப்புகள் எல்லாம் பிரெஞ்சில். டீமில் பழைய ஆளாக மிஞ்சியது ஒரு அக்கா மட்டும். அவர் சம்பளத்தில் மூன்று ஃப்ரெஷர் எடுக்கலாம் என்று மேலே கணக்குப் போட்டு, பொங்கலுக்குள் கே.டி. (தெரிந்த வேலையையெல்லாம் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பது) கொடுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லியிருந்தார்கள்.

ஜனவரி 1 முதல் பிரான்சில் வாட் வரி 19.6-லிருந்து 20 சதவீதம். சின்ன வேலைதானே என்று கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தம்பியிடம் கொடுத்தோம். கெட்டிக்காரப் பையன். 19.6 இருந்த இடத்தையெல்லாம் தேடிப் பிடித்து மாற்றிவிட்டான். ‘அவ்வார்’ என்று ஒரு பகுதி. மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்தானாம், ‘வைத்திருத்தல்’ என்று வந்ததாம். சரி, ஸ்டாக் சமாசாரம்போல என்று அங்கேயும் 20.

31 இரவு எல்லோரும் ஆபீஸில். பாரீஸில் மணி 12 என்றால் நமக்கு விடியற்காலை நாலரை. பீச் ரோடு பக்கம் புத்தாண்டுக் கூட்டம், டீ குடிக்கக்கூட வெளியே போக வழியில்லை. சும்மா இருக்க முடியாமல் அக்கா அவன் மாற்றியதைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“தம்பி, கணக்குல அவ்வார்னா கிரெடிட் நோட்டுப்பா. டிசம்பர்ல வாங்கின சாமான் ஜனவரியில திரும்பி வந்தா, வாங்கினப்ப போட்ட வரியைத்தானே திருப்பித் தரணும்?”

100 யூரோ சாமானுக்கு 119.60 வாங்கிவிட்டு 120 கொடுத்திருப்போம். 40 சென்ட்தான். ஆனால் கிறிஸ்துமஸ் முடிந்த ஜனவரியில் ரிட்டர்ன் எத்தனை வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றரைக்குத் திருத்தி, நாலரைக்கு ஏற்றினோம்.

அதற்காக அக்காவை வைத்துக்கொண்டார்கள் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் நீட்டித்தார்கள், அவ்வளவுதான். அந்த மூன்று மாதம் கே.டி.யைத் தலைகீழாக்கினோம். தம்பி விளக்குவான், அக்கா கேட்பார். அவன் தடுமாறும் இடத்தில் மட்டும் வாய் திறப்பார். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். (பழைய திட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.)

கடலூர்க்காரன்:

எங்களிடம் நேரெதிர். பழைய அண்ணன் ஒருவர், எதையும் சொல்லித்தர மாட்டார். முன்பு இருந்த இடத்தில் கே.டி. கொடுத்த மறுமாதமே அனுப்பப்பட்டவர், அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2011 டிசம்பர் 30 தானே புயல். வேலையைச் சென்னை டீம் பார்த்துக்கொண்டது, ஆனால் ஒரு சர்வருக்கான பாஸ்வேர்டு அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். அவரோ பண்ருட்டிப் பக்கம் கிராமத்தில். கரண்டும் இல்லை, போனும் இல்லை. சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன், பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்த வழியில் பைக்கைத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தான்.

அண்ணன் அப்போதும் எழுதித் தரவில்லை. வாயால்தான் சொன்னார்.