சுவிஸ் ஐரோப்பாவோடு இன்னும் நெருங்க வேண்டுமா? உங்கள் கண்முன் நடந்ததைச் சொல்லுங்கள்

ரைன்கரை (பாசல்)

2024 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணையத்தின் தலைவர் ஊர்சுலா பொன் டெர் லையன் பேர்ணுக்கு வந்து, அப்போதைய சுவிஸ் ஜனாதிபதி வியோலா அம்ஹெர்டுடன் நின்று, சுவிஸுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையிலான பேச்சுவார்த்தை முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அன்று தொடங்கி எங்கள் வேலைத்தலத்தில் மதிய இடைவேளைக் கதை இதுதான். மின்சாரம், உணவுப் பாதுகாப்பு, சுகாதாரம், ஆட்களின் சுதந்திர நடமாட்டம் எல்லாம் சேர்ந்த பெரிய ஒப்பந்தப் பொதி இது. கடைசி முடிவு மக்கள் வாக்கில்தான் வரும். குடியுரிமை எடுத்த தமிழர்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறோம். ஆனாலும் கோயிலிலோ கலியாண வீட்டிலோ இதைப் பற்றி நம்மவர்கள் கதைத்து நான் கேட்டதில்லை. அதனால்தான் இங்கே தொடங்குகிறேன். கட்சிகளின் துண்டுப் பிரசுரங்கள் எல்லோர் வீட்டுக்கும்தான் வருகின்றன. உங்களுக்கு நேர்ந்ததையும் நீங்கள் கதைத்த ஆட்களையும் எழுதுங்கள்.

என்னுடையதை முதலில் சொல்கிறேன். சுவிஸ் 2008 டிசெம்பர் 12இல் ஷெங்கனுக்குள், அதாவது உள் எல்லைகளில் கடவுச்சீட்டுச் சோதனை இல்லாத ஐரோப்பிய வலயத்துக்குள் வந்தது. அதற்கு முன் இலங்கைக் கடவுச்சீட்டும் பி வதிவிட அனுமதியும் வைத்திருந்த எனக்குப் பக்கத்திலிருக்கும் பிரெஞ்சு ஊரான சென் லூயிக்குப் போகவும் பிரெஞ்சு விசா வேண்டும். பாரிஸில் என் மாமி இறந்தபோது விசா கைக்கு வந்தது தகனம் முடிந்த பிறகு. அத்தான் தொலைபேசியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார், அம்மா இங்கிருந்து அழுதார். சில மணி நேர ரயில் தூரத்தில்தான் மாமி இருந்தார்.

ஓய்வுபெறும் வயதில் இருந்த ஒரு சக ஊழியர், 2005 யூனில் நடந்த ஷெங்கன் வாக்கெடுப்பில் தான் ‘இல்லை’ போட்டதாக ஒருநாள் சொன்னார். எல்லையில் காவல் எடுபட்டால் களவு கூடும் என்று பயந்தாராம். மாமியின் கதையைச் சொன்னேன். “நீங்கள் எல்லோரும் அப்படியா போய்வந்தீர்கள்?” என்று கேட்டார். அத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டும் அவருக்கு அது தெரியவே இல்லை. சிவப்புக் கடவுச்சீட்டுடன் பிறந்தவருக்கு அந்த எல்லை எந்த நாளும் எல்லையாக இருந்ததில்லை. அந்த வாக்கெடுப்பு 54.6 வீத ‘ஆம்’ உடன் வென்றது. எங்கள் வீட்டில் அப்போது ஒருவருக்கும் வாக்கு இல்லை. வேறு யாரோ போட்ட வாக்கில்தான் எங்களுக்குப் பாரிஸ் திறந்தது.

ஆகவே நான் நெருக்கத்தின் பக்கம். மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஆரை நதி (பேர்ண்)

அக்கா, அதே ஷெங்கனோடு டப்ளின் ஒப்பந்தமும் சேர்ந்து வந்ததை விட்டுவிட்டீர்கள். என் பெரியம்மாவின் மகன் இத்தாலியில் இறங்கி அங்கே கைரேகை வைத்தவன். இங்கே நாங்கள் எல்லோரும் இருந்தோம். அவன் இங்கு வந்து தஞ்சம் கேட்டான். முதலில் கால் வைத்தது இத்தாலியில், ஆகவே இத்தாலிதான் பொறுப்பு என்று திருப்பி அனுப்பினார்கள். எண்பதுகளில் என் அப்பா வந்தபோது அந்த விதி இருந்திருந்தால் நான் இங்கே பிறந்தே இருக்க மாட்டேன். எஃப் அனுமதிக்காரர், அதாவது தற்காலிகமாக மட்டும் ஏற்கப்பட்டவர், இன்றும் வெளிநாடு போவதென்றால் தனியாக அனுமதி கேட்க வேண்டும். ஐரோப்பாவோடு நெருக்கம் என்றால் உள்ளே இருப்பவருக்குக் கதவு திறப்பு, வெளியே நிற்பவருக்கு இன்னொரு பூட்டு. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

லுகானோவாசி

இத்தாலி எல்லையில் உள்ள திச்சினோ மாநிலத்தில் இருந்து எழுதுகிறேன். இங்கே நெருக்கம் என்பது எதிர்காலத் திட்டம் அல்ல. காலையில் எல்லையூரான கியாசோவின் சாலையில் நின்று பார்த்தால் தெரியும். இந்தச் சிறிய மாநிலத்துக்கு இத்தாலியிலிருந்து ஏறக்குறைய 80,000 பேர் தினமும் வேலைக்கு வந்து போகிறார்கள். 1992இல் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேர்வதா என்ற வாக்கெடுப்பில் நாடு முழுவதும் 50.3 வீதம் ‘இல்லை’. நூலிழைதான். பிரெஞ்சு மொழி மாநிலங்கள் எல்லாம் ‘ஆம்’ என்றன, நாங்கள் ‘இல்லை’ என்றோம். 2014இல் குடிவரவைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவுக்கு இங்கே 68 வீதத்துக்கு மேல் ஆதரவு. சூரிச்சில் இருப்பவர்கள் இதை இனவாதம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இனவாதமும் உண்டு, நானே முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். ஆனால் சம்பளக் கவலை அதைவிடப் பெரியது.

நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் பிரிவில் பாதிக்கு மேல் இத்தாலியின் கோமோவிலிருந்தும் வரேசெயிலிருந்தும் வருபவர்கள். அவர்களில் ஒருவர் விடிய நாலரைக்கு எழும்புவார். கார் வரிசையில் நின்று, ஏழு மணிக்கு எங்களோடு சேர்ந்து முதியவர்களைக் குளிப்பாட்டுவார். 2020 வசந்தத்தில் கொரோனாவால் சிறிய எல்லைச் சாவடிகளை மூடினார்கள். அவர் திறந்திருந்த ஒரு பெரிய சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு நாளும் நிற்கவில்லை. அந்த வாரங்களில் அவர் இல்லையென்றால் எங்கள் மாடியில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

இனி என் மகனின் கதை. வணிகத்தில் தொழிற்பயிற்சி முடித்தவன், நல்ல புள்ளிகள். வேலைக்குப் போன இடத்தில் ஒரு சம்பளம் சொன்னார்கள். அந்தக் காசில் லுகானோவில் ஒரு அறைகூட ஒழுங்காக எடுக்க முடியாது. எல்லைக்கு அப்பால் வீடு வைத்திருப்பவருக்கு அது நல்ல சம்பளம். “வேண்டாம் என்றால் வேறு ஆள் இருக்கிறார்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். இப்போது அவன் லூசேர்ணில் வேலை செய்கிறான். இங்குள்ள பிள்ளைகள் படித்ததும் கொத்தார்ட் சுரங்கத்துக்கு வடக்கே போவது இப்போது வழக்கமாகிவிட்டது.

எங்கள் மாநிலம் சும்மா இருக்கவில்லை. குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்கு 2015இல் வாக்களித்தோம். அது 2021 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது, மணிக்கு 20 பிராங்குக்குச் சற்றுக் கீழே. உடனே ஒரு சிறிய சங்கத்தோடு கூட்டு ஒப்பந்தம் போட்டு அதைச் சுற்றிப்போகப் பார்த்த தொழிற்சாலைகளும் இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் இங்கிருந்த முதலாளிகள்தான், பிரசெல்ஸ் அதிகாரிகள் இல்லை. அதனால் என் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குத் தெளிவாகவே தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது கடினம், ஏனென்றால் அவர் கண்ணில் படுவது இத்தாலிய இலக்கத்தகடு மட்டும்தான்.

சாரக்கட்டு (விண்டர்தூர்)

லுகானோ அக்கா சொன்னதோடு நானும் நிற்கிறேன். நான் கட்டட வேலை, தொழிற்சங்கத்தில் உறுப்பினர். ஒரு வேலையில் முகப்புக் கண்ணாடி பூட்டப் போலந்திலிருந்து ஆட்களை அனுப்பியிருந்தார்கள். நல்ல பெடியன்கள், வேலையில் எங்களை விடக் கெட்டிக்காரர். தாளில் அவர்களுக்குச் சுவிஸ் சம்பளம். ஆனால் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் என்று தாங்களே கையிலிருந்து கட்டுவதாக ஒருவர் கைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டினார். பரிசோதகர்கள் வந்தபோது வாய் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த வேலை இல்லை.

வெளிநாட்டு நிறுவனம் இங்கே வேலை தொடங்க 8 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்ற விதி இருப்பதால்தான் பரிசோதகர்களுக்கு வந்து பார்க்க நேரம் கிடைக்கிறது. புதிய ஒப்பந்தத்தில் அது 4 வேலை நாளாகக் குறைகிறது. சாப்பாடு, தங்குமிடச் செலவுப் பணத்தை ஆட்களை அனுப்பும் நாட்டின் விலைவாசிக் கணக்கில் கொடுக்கலாம் என்ற ஐரோப்பிய விதி வேறு இருக்கிறது. போலந்துக் கணக்கில் சூரிச்சில் ஒருவர் மதியச் சாப்பாடு வாங்க முடியுமா? இதற்கு உள்நாட்டில் உறுதியான காப்பு வராமல் நான் ‘ஆம்’ போடமாட்டேன்.

லெமான் (லவுசான்)

நான் ஆய்வுகூடத்தில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 2021 மே 26இல் நமது கூட்டாட்சி அரசு ஐரோப்பிய ஒன்றியத்தோடு நடந்த பழைய கட்டமைப்பு ஒப்பந்தப் பேச்சைத் தானாகவே முறித்தது. அதன் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் ஆய்வுத் திட்டத்தில் சுவிஸ் வெளியாள் ஆனது. எங்கள் குழுத் தலைவர் பல நாட்டுக் கூட்டாய்வு ஒன்றை வழிநடத்தத் தயாராக இருந்தார். எழுதியது அவர், தலைமை இன்னொரு நாட்டுக்குப் போனது. பணத்தைச் சுவிஸ் அரசு தன் கையிலிருந்து ஈடுகட்டியது, அதை மறுக்கவில்லை. ஆனால் கூட்டங்களில் மேசையின் ஓரத்தில்தான் இருந்தோம். கூட வேலை செய்த ஒரு ஸ்பானியப் பெண் நல்ல ஐரோப்பிய நிதி கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டார். 2025இல் திரும்பவும் வாசல் திறந்தது. போனவர் திரும்பி வரவில்லை.

அதற்கு முன் 2014 வாக்கெடுப்பின் பின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்திலிருந்தும் நாங்கள் விழுந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கு என் வயதுப் பிள்ளைகளின் படிப்பை நேரடியாகத் தொட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கிளாருஸ் அண்ணா

நான் இருக்கும் மாநிலத்தைப் பலருக்குத் தெரியாது. மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு. மே மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊர்ச் சதுக்கத்தில் வாக்காளர் எல்லோரும் கூடி, அட்டையை உயர்த்திச் சட்டம் இயற்றுவோம். லாண்ட்ஸ்கெமைண்ட என்று பெயர். குடியுரிமை கிடைத்து முதன்முதலாக அங்கே நின்றபோது என் பக்கத்தில் நின்றவர் பால்பண்ணைக்காரர், என் அயலவர். குளிருக்குத் தன் கையுறையைக் கழற்றித் தந்தார்.

அந்த மனிதர் ஐரோப்பிய ஒப்பந்தத்துக்கு முழு எதிர்ப்பு. வெளிநாட்டவர் மேல் வெறுப்பு அவரிடம் துளியும் இல்லை. என் மகளுக்குச் சறுக்குப் பலகை பழக்கியதே அவர்தான். அவர் சொல்லும் காரணம் வேறு. 2006இல் எங்கள் மாநில அரசு 25 ஊராட்சிகளைப் பத்தாகக் குறைக்கலாம் என்று திட்டம் கொண்டுவந்தது. சதுக்கத்தில் ஒரு சாதாரண ஆள் மேடையேறி மூன்று போதும் என்றார். கூட்டம் கை தூக்கியது. இன்று எங்களுக்கு மூன்று ஊராட்சிகள்தான். “அன்று என் ஊராட்சியும் காணாமல் போனது. நான் அதை எதிர்த்தேன், தோற்றேன். ஆனால் தோற்கடித்தவர்களின் முகம் எனக்குத் தெரியும்” என்றார். புதிய ஒப்பந்தப்படி, சேர்ந்த துறைகளில் ஐரோப்பியச் சட்டம் மாறும்போது நாமும் மாற்ற வேண்டும். மறுக்கலாம், வாக்கெடுப்பும் வைக்கலாம். ஆனால் மறுத்தால் அவர்கள் அளவான ஈட்டு நடவடிக்கை எடுக்கலாம், அந்த அளவு சரியா என்று நடுவர் மன்றம் பார்க்கும். “தண்டனை இருக்கிறதென்று தெரிந்துகொண்டு கை தூக்குவது வாக்கா?” என்று கேட்கிறார்.

அவருக்கு நான் சொன்ன பதில் இது: நம் நாட்டுக்கும் அயல் நாடுகளுக்கும் இடையே மின்சாரம் போய்வரும் கம்பிகள் 41. அவற்றின் தொடக்கமே லௌஃபென்பூர்க்கில் 1958இல் ஜேர்மனி, பிரான்ஸ், சுவிஸ் வலைகளைச் சேர்த்ததுதான். உங்கள் பால் கறக்கும் இயந்திரம் ஓடுவதும் அந்த வலையில்தான். அந்த வலையின் விதிகளை இன்று நம்மைக் கேட்காமலே எழுதுகிறார்கள். “அது உண்மை” என்றார். ஆனாலும் மனம் மாறவில்லை. நானும் அவரை மாற்றப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் முடிவு இல்லை. அவர் சொல்வதில் மதிக்க வேண்டியது இருக்கிறது என்பதை மட்டும் இங்கே பதிகிறேன், ஏனென்றால் நம்மவர்களில் பலர் எதிர்ப்பவர் எல்லோரையும் ஒரே கட்சிக்காரர் என்று நினைக்கிறார்கள்.

போடன் ஏரி (குறொய்ஸ்லிங்கன்)

நான் இருப்பது கொன்ஸ்டான்ஸுக்கு ஒட்டிய ஊர். ஒரே தெருவில் நடந்தால் நாடு மாறும். அக்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். 2020 மார்ச்சில் எல்லையில் கம்பி வேலி போட்டார்கள். முதலில் ஆட்கள் வேலி ஊடாகக் கைபிடித்துக் கதைத்தார்கள். தொற்றுப் பயத்தில் பிறகு இரண்டாவது வேலி போட்டு நடுவே இடைவெளி விட்டார்கள். அக்கா சோற்றுப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோனாள். பக்கத்தில் ஒரு வயதான சுவிஸ்காரர் மடக்குக் கதிரையில் இருந்து அந்தப் பக்கத்துத் தோழியோடு கதைத்துக்கொண்டிருந்தார். போருக்குப் பிறகு இங்கே இப்படி வேலி பார்க்கவில்லை என்றார். நான் யாழ்ப்பாணத்தில் சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவள் என்று அவரிடம் சொன்னேன். அன்றைக்கு நிறைய நேரம் கதைத்தோம். யூன் நடுப்பகுதியில் எல்லை திறந்த அன்று அவருக்கு வடை கொண்டுபோனேன்.

என் வாக்கு ‘ஆம்’. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

ரைன்கரை (பாசல்)

எல்லாவற்றையும் வாசித்தேன். ஆரை நதித் தம்பி, டப்ளினைப் பற்றி நீங்கள் சொன்னது என் நெஞ்சில் நிற்கிறது. ஒப்பந்தத்தை ஆதரிக்கும் என் போன்றவர்கள் அதையும் கூட்டங்களில் எழுப்ப வேண்டும்.

லுகானோ அக்காவுக்கும் விண்டர்தூர் அண்ணாவுக்கும்: சம்பளப் பாதுகாப்புக்கென்று கூட்டாட்சி அரசு 14 உள்நாட்டு நடவடிக்கைகளை முன்வைத்திருக்கிறது. தொழிலாளர் பிரதிநிதிகளை வேலையை விட்டு நிறுத்துவதற்கு எதிரான காப்பும் அதில் ஒன்று. முதலாளிகள் தரப்பு எதிர்ப்பது அதைத்தான். பாராளுமன்றத்தில் அது வெட்டுப்பட்டால் என் ‘ஆம்’ஐ நானும் திரும்ப யோசிப்பேன். அந்தக் காப்பு இல்லாமல் போலந்துப் பெடியனோ சூரிச் பெடியனோ பரிசோதகர் முன் வாய் திறக்கப்போவதில்லை.

கிளாருஸ் அண்ணா, உங்கள் அயலவரிடம் ஒன்று கேட்டுச் சொல்ல முடியுமா? புதிய ஒப்பந்தத்தில், சேர்ந்த துறைகளில் ஐரோப்பியச் சட்டம் வரையப்படும்போதே சுவிஸ் நிபுணர்கள் உள்ளே இருந்து கருத்துச் சொல்ல இடம் தருகிறார்கள். வாக்கு இல்லை, குரல் உண்டு. வாக்கு இல்லாமல் இந்த நாட்டில் நாங்கள் வருடக்கணக்கில் இருந்தோம், குரல் மட்டும் இருப்பதன் பெறுமதியும் போதாமையும் எங்களுக்குத் தெரியும். அவருக்கு அது போதுமா, போதாதா? அவர் சொல்வதை அப்படியே இங்கே எழுதுங்கள்.