'எவிக்ட்': யாரை, எங்கிருந்து, எப்போது?

திரி தொடங்கியவர்

வாடகை நோட்டீசிலிருந்து பிக் பாஸ் வரை இந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அகராதியில் 'வெளியேற்று' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். உங்கள் வேலையில் இது எங்கே வருகிறது, எந்த இடத்தில் சறுக்குகிறது என்று எழுதுங்கள். ஹவுஸ் ஓனர் சண்டைகளுக்கு வேறு திரி இருக்கிறது.

பெரம்பூர் டீச்சர்

முதலில் இலக்கணம். எவிக்ட் செய்வது ஆளை. இடம் வேண்டுமென்றால் 'ஃப்ரம்' போட்டுப் பின்னால் வரும். வீட்டை யாரும் எவிக்ட் பண்ண முடியாது. தமிழில் 'காலி பண்ணு' இரண்டு பக்கமும் ஓடுவதால்தான் இவ்வளவு குழப்பம்: குடியிருப்பவர் வீட்டைக் காலி பண்ணுவார், ஓனர் அவரைக் காலி பண்ண வைப்பார். இங்கிலீஷில் தானாகப் போனால் வெக்கேட், போக வைத்தால் எவிக்ட். 'ஐ வில் வெக்கேட் த டெனன்ட்' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும், அது தப்பு. 'எவிக்ட் அவுட் ஃப்ரம்' என்று அவுட் சேர்ப்பதும் வேண்டாத வேலை.

இடம் இல்லாமல் அமைப்பிலிருந்து நீக்கினால் சொல்லே மாறிவிடும். பள்ளி, கட்சி என்றால் எக்ஸ்பெல். எழுதும்போது ஒரு எல், 'எக்ஸ்பெல்ட்' ஆனால் இரண்டு எல். பெயர்ச்சொல் எக்ஸ்பல்ஷன். பதவியிலிருந்து இறக்கினால் அவுஸ்ட். பென்டிரைவுக்கு இஜெக்ட்.

கோர்ட் பக்கம்

டீச்சர் சொன்னது இன்னைக்கு வழக்குக்குச் சரி. ஆதியில சொத்தை வழக்குல ஜெயிச்சு மீட்குறதுதான் எவிக்ட்; அப்போ சொத்தையே எவிக்ட் பண்ணினாங்க. லத்தீன் மூலத்துலயும் 'வெல்'லுங்கிற அர்த்தம்தான். இப்போ அந்த வழக்கு செத்துப்போச்சு.

சென்னையில வாடகை கேஸ் ஹைகோர்ட் வளாகத்துல இருக்குற ஸ்மால் காஸஸ் கோர்ட்டுல ஓடும். 1960-ஆம் வருஷ வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துல 10-ஆம் பிரிவுக்குத் தலைப்பே 'எவிக்ஷன் ஆஃப் டெனன்ட்ஸ்'. வில்ஃபுல் டிஃபால்ட் (வேணும்னே வாடகை தராம இருக்குறது), சொந்த உபயோகம் எல்லாம் அதுலதான் வரும். கேஸ் நம்பருக்கு முன்னாடி ஆர்.சி.ஓ.பி.னு வரும். 2017-ல வந்த புதுச் சட்டம் 22.2.2019-லேர்ந்து அமல். இதுல 21-ஆம் பிரிவுத் தலைப்பு 'ரீபொசெஷன்' (இடத்தைத் திரும்ப எடுத்துக்குறது), நம்பர் ஆர்.எல்.டி.ஓ.பி. அதாவது ஓனர் கேக்குறது இடத்தை. பிரிவுக்கு உள்ளே போனா 'டெனன்ட் ஷேல் நாட் பி எவிக்டட்'னு ஆளைப் பத்திப் பேசும். புதுச் சட்டத்துல பெட்டிஷன் போடுறவங்க பழைய ஃபார்மட்டைக் காப்பி அடிச்சு, தலைப்புலேர்ந்து வேண்டுதல் வரைக்கும் 'எவிக்ஷன்'னு நிரப்பி, 'வில்ஃபுல் டிஃபால்ட்'டையும் விட்டுவெச்சிருப்பாங்க. பிரிவு 21(2)-ல எந்த உட்பிரிவுன்னு தெளிவாச் சொல்லலைன்னா எதிர்த்தரப்பு முதல்ல பிடிக்கிறது அதைத்தான்.

இஜெக்ட்மென்ட் வேற கதை. மனை ஒருத்தருது, மேல கட்டடம் குடியிருக்கிறவர் கட்டினதுன்னா 1921-ஆம் வருஷத்து சிட்டி டெனன்ட்ஸ் புரொட்டெக்ஷன் ஆக்ட். மனைக்காரர் போடுறது இஜெக்ட்மென்ட் சூட். சம்மன் கைக்கு வந்த ஒரு மாசத்துக்குள்ள குடியிருக்கிறவர் 9-ஆம் பிரிவுல 'மனையை எனக்கே விலைக்குக் கொடுங்க'ன்னு மனு போடணும். அதைத் தவற விட்டா அந்த வாய்ப்பு போச்சு. கோயில் மனைக்கு 1996 திருத்தத்துக்கு அப்புறம் இந்தச் சட்டமே கிடையாது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் இது தெரியாம பழைய பேச்சையே பேசிட்டிருப்பாங்க.

அண்ணா சாலை டெஸ்க்

பத்திரிகையில் தினமும் வரும் பிழை ஒன்று: 'என்க்ரோச்மென்ட்ஸ் எவிக்டட்'. கூவம் கரை, ஏரிக்கரை, நடைபாதை எதுவானாலும் தலைப்பு இப்படியே வரும். என்க்ரோச்மென்ட் என்பது ஆக்கிரமிப்பு. அதை அகற்றலாம், இடிக்கலாம். எவிக்ட் செய்வது ஆக்கிரமித்தவரை. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'எவிக்ஷன் ஆஃப் என்க்ரோச்மென்ட்' என்று இருக்கிறதே என்று ரிப்போர்ட்டர்கள் மடக்குவார்கள். சட்டத்தின் பெயரை அப்படியே போடுங்கள், உங்கள் வாக்கியத்தில் ஆளைப் போடுங்கள். தமிழில் 'ஆக்கிரமிப்பு அகற்றம்' என்று எழுதும்போது எத்தனை குடும்பம் என்பதே மறைந்துபோகிறது. அதனால் எண்ணிக்கையை முதல் பத்தியிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

அரசுக் கோப்பில் இதே விஷயம் 'மறுகுடியமர்வு'. குடிசை மாற்று வாரியம் 1970-ல் தொடங்கியது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஆனது. பெரும்பாக்கம், கண்ணகி நகர் ஒதுக்கீட்டு ஆணைகளில் எவிக்ட் என்று தேடினால் கிடைக்காது. அதே குடும்பங்களைப் பற்றிப் போராட்டக்காரர்கள் தரும் அறிக்கையில் வேறு சொல்லே இருக்காது. இரண்டையும் ஒரே செய்தியில் கலந்தால், யார் சொன்னது என்று பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

சட்டமன்றச் செய்திக்கு நான்கு படி உண்டு. தானாக எழுந்து போனால் வெளிநடப்பு, வாக்அவுட். காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வந்தால் எவிக்ஷன், 18.2.2017 நம்பிக்கை வாக்கெடுப்பன்று தி.மு.க. உறுப்பினர்களுக்கு நடந்தது இதுதான், யாருடைய பதவியும் போகவில்லை. கூட்டத்தொடர் முழுக்க வரக்கூடாது என்றால் சஸ்பென்ஷன். பதவியே பறிபோனால் எக்ஸ்பல்ஷன். 1986-ல் அரசியல் சட்ட நகல் எரிப்புக்காக க. அன்பழகன் உள்ளிட்ட 10 பேருக்கு நேர்ந்தது அது. நான்கையும் 'வெளியேற்றம்' என்று ஒரே சொல்லில் எழுதினால் காலையில் ஃபோன் வரும்.

கட்சியில் சஸ்பெண்ட் என்றால் 'தற்காலிக நீக்கம்', எக்ஸ்பெல் என்றால் 'அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட' என்ற தொடர் வரும். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். விஷயத்தில் இரண்டும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து நடந்தன. பழைய செய்தியை எடுத்து எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே தேதியில் போட்டுவிடுகிறார்கள்.

ஓ.எம்.ஆர். டெவ்ஆப்ஸ்

எங்க பக்கம் ஆளே இல்லாம எவிக்ஷன் நடக்கும், டீச்சர் மன்னிக்கணும். குபர்னெட்டீஸ் (கன்டெய்னர்ல ஓடுற புரோகிராம்களைப் பல கம்ப்யூட்டர்ல நிர்வகிக்கிற மென்பொருள்) இருக்கே, அதுல ஒரு நோட்ல, அதாவது ஒரு கம்ப்யூட்டர்ல, மெமரியோ டிஸ்க்கோ தீர்ந்தா, அதுல இருக்குற கியூப்லெட்ங்கிற ஏஜென்ட் பாட்களை (கன்டெய்னர்கள் சேர்ந்து ஓடுற அலகு) எவிக்ட் பண்ணும். லினக்ஸ் நோடுக்கு டிஃபால்ட் வரம்பு: காலி மெமரி 100 மெபிபைட்டுக்குக் கீழே போகணும், இல்லேன்னா நோடோட ஃபைல் சிஸ்டத்துல காலி இடம் 10 சதவீதத்துக்குக் கீழே. இது ஹார்ட் வரம்பு, அவகாசமே கிடையாது. எவிக்ட் ஆன பாட் திரும்ப எழுந்திருக்காது, 'ஃபெயில்ட்'னு லிஸ்ட்ல கிடக்கும். டிப்ளாய்மென்ட் இருந்தா புது பாட் வரும்.

புதுசா வர்றவங்க ஓ.ஓ.எம். (அவுட் ஆஃப் மெமரி) கில்லையும் இதையும் ஒண்ணாக்கிடுவாங்க. அங்கே கர்னல் கன்டெய்னரைக் கொல்லுது, எக்ஸிட் கோட் 137, அதே பாட்ல கன்டெய்னர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகும். இங்கே மொத்த பாட்டும் போகும். டிஸ்க் நிரம்பி எவிக்ட் ஆனதுக்கு மெமரி லிமிட்டை ஏத்தினா ஒண்ணும் ஆகாது. பெரும்பாலும் லாக் ஃபைல்தான் காரணமா இருக்கும்.

நோட் டிரெயின் பண்ணும்போது, அதாவது ஒரு நோடை நாமளே காலி பண்ணும்போது, நடக்குறது நோட்டீஸ் கொடுத்துக் காலி பண்ண வைக்கிற மாதிரி. டிஸ்ரப்ஷன் பட்ஜெட்டை (ஒரே நேரத்துல எத்தனை பாட் போகலாம்ங்கிற வரம்பை) கேட்டுத்தான் நகரும், அதுல இடம் இல்லேன்னா 'இப்போ முடியாது'ன்னு 429 எர்ரர் திருப்பும். மெமரி நெருக்கடி எவிக்ஷன் அந்த பட்ஜெட்டை மதிக்காது.

ரெடிஸ்ங்கிற மெமரி டேட்டாபேஸ்ல காலாவதியான கீ வேற, எவிக்ட் ஆன கீ வேற; ரெண்டுக்கும் தனித்தனி கவுன்டர் இருக்கு. டிஃபால்ட் பாலிசி 'நோஎவிக்ஷன்'. அதனால மேக்ஸ்மெமரி (நாம வெச்ச மெமரி உச்சவரம்பு) நிரம்பினா பழசு போகாது, எழுதுறதுதான் எர்ரர் ஆகும், படிக்கிறது ஓடும். கேஷா மட்டும் வெச்சிருக்கீங்கன்னா ஆல்கீஸ் எல்.ஆர்.யூ.வுக்கு (ரொம்ப நேரமா தொடாத கீயை முதல்ல தூக்குற பாலிசி) மாத்தணும்.

வளசரவாக்கம் புதுசு

அப்போ பிக் பாஸ்ல எலிமினேட்டா எவிக்டா? இன்னொண்ணு, ஓனர் அனுப்புற நோட்டீஸ்ல 'யூ ஆர் ஹியர்பை எவிக்டட்'னு போட்டா செல்லுமா?

பெரம்பூர் டீச்சர்

வீட்டை விட்டு அனுப்புவதால் எவிக்ட். பாட்டுப் போட்டியில் ஒரு சுற்றோடு நின்றால் எலிமினேட்.

கோர்ட் பக்கம்

நோட்டீஸ் யாரையும் எவிக்ட் பண்ணாது தம்பி. அதுல எழுத வேண்டியது குடித்தனத்தை முடிக்கிறோம், இன்ன தேதிக்குள்ள காலி சுவாதீனம் ஒப்படைங்கன்னு. உத்தரவு வந்து, அதுக்கும் போகலேன்னா நிறைவேற்று மனு போடணும். டெலிவரி வாரன்ட்டோட அமீனா (கோர்ட் ஊழியர்) போவார். பூட்டியிருந்தா பிரேக் ஓபனுக்குத் தனி மனு, தகராறுன்னா போலீஸ் எய்டுக்கு இன்னொண்ணு. நடுவுல ஓனர் கரன்ட், தண்ணியைக் கட் பண்ணினா அதுக்கே குடியிருக்கிறவர் மனு போடலாம், புதுச் சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. அப்புறம், இங்கே 'ஸ்டே வெக்கேட் ஆயிடுச்சு'ன்னு யாராவது சொன்னா வீடு காலின்னு நினைச்சு லாரி பிடிச்சிடாதீங்க. தடை நீங்குச்சுன்னு மட்டும்தான் அர்த்தம்.