பீங்கானிலும் கண்ணாடியிலும் தங்க விளிம்பு: ஊதா நிறம் ஏன் வருகிறது?

சுங்கை சிப்புட் வாசகி:
வணக்கம். தோட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து, திருமண வீடுகளில் கொடுக்கும் பீங்கான் கிண்ணங்களுக்குத் தங்கக் கரைசலால் விளிம்பு தீட்டி வருகிறோம். மின்சூளையில் 780 டிகிரியில் சுட்டெடுத்தால், ஒரே கிண்ணத்தின் விளிம்பு ஒரு பக்கம் கண்ணைப் பறிக்கும் பொன்னாகவும் மறுபக்கம் மங்கிய ஊதாவாகவும் இருக்கிறது. இப்போது கண்ணாடிக் குவளைகளும் வெள்ளி விளிம்பும் கேட்கிறார்கள். அதே வெப்பம் கண்ணாடிக்குப் பொருந்துமா?

ஈப்போ சூளைக்காரர்:
வணக்கம், சகோதரி. தங்கம் மிக மெல்லியதாகப் படிந்த இடத்தில்தான் ஊதா தலைகாட்டும். கரைசலை எண்ணெய் விட்டு அதிகம் நீர்க்கச் செய்யாமல், தூரிகையை நடுவில் எடுக்காமல், ஒரே இழுப்பில் கடுந்தேநீர் நிறத்துக்குத் தீட்டுங்கள். அதற்காகக் கெட்டியாக அப்பினாலும் கொப்புளித்து உரிந்துவிடும். கரைசலில் உள்ள பிசினும் எண்ணெயும் முற்றாக எரிந்து வெளியேற வேண்டும் என்பதால், சூளை ஏறத்தாழ 400 டிகிரியைத் தாண்டும்வரை மூடியைச் சற்றே திறந்து வைத்து, அறையின் சன்னல்களையும் திறந்து விடுங்கள். அந்தப் புகையை யாரும் சுவாசிக்கக் கூடாது. குழந்தைகள் பக்கத்தில் இருக்கவே வேண்டாம்.

பீங்கானுக்கு 780 சரிதான். சாதாரணக் கண்ணாடியோ அந்தச் சூட்டில் குழைந்து உருக்குலைந்துவிடும். கண்ணாடிக்கென்றே தயாரித்த கரைசலை வாங்கி, 520 முதல் 580 டிகிரிக்குள், முதலில் ஓர் உடைந்த குவளையில் சோதித்துப் பாருங்கள்.

பத்து காஜா வாசகர்:
நம் ஊர் ஈரக்காற்றையும் கவனிக்க வேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்த கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். விரல் வியர்வையும் சேர்ந்துகொண்டால், சுட்டபின் அந்த ரேகைகள் அப்படியே புள்ளிகளாகத் தெரியும். ஆகவே ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் தீட்டுவது நல்லது.

வெள்ளி நாளடைவில் கறுத்துவிடும் என்பதால், வெள்ளி நிற விளிம்புக்குப் பிளாட்டினம் அல்லது பல்லேடியம் கலந்த கரைசலையே கேளுங்கள். இந்தப் பளபளக்கும் தங்கக் கரைசல் 1830 வாக்கில் ஜெர்மனியின் மெய்சன் பீங்கான் ஆலையில் கூன் என்பவர் உருவாக்கியது. அதற்கு முன் தங்கப் பொடியைச் சுட்டு, அகேட் கல்லால் தேய்த்துத்தான் மெருகேற்றினார்கள். அவ்வகைத் தங்கம் இன்றும் கிடைக்கிறது. விலை கூடுதல் என்றாலும் படலம் தடிமனாக இருப்பதால் நீண்டநாள் உழைக்கும். மணமக்களுக்கென்று தனியாகச் செய்யும் கிண்ணங்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன்.

சுங்கை சிப்புட் வாசகி:
மிக்க நன்றி, ஐயா. வாங்குபவர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

ஈப்போ சூளைக்காரர்:
கம்பி நாரால் தேய்க்க வேண்டாம், மைக்ரோவேவ் அடுப்பில் வைக்கவே வேண்டாம் என்று சீட்டில் அச்சிட்டுக் கொடுங்கள். உலோகப் படலம் அதில் தீப்பொறி பறக்க வைத்து, விளிம்பையே கருக்கிவிடும்.